யார் சொல்லிக்கொடுத்தது?

“ஐ என்ஜாய் குக்கிங்” என்று விருந்தாளியிடம் கணவர் சொன்னதும் இங்கிலீஷ் டீச்சருக்குப் பகீரென்றது. ஏ.சி. மெக்கானிக்கான அந்த மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து ‘என்ஜாய் டு குக்’ என்றுதான் சொல்வார்.

“வான்ட்னா டு குக், என்ஜாய்னா குக்கிங்! எத்தனை தடவை சொல்றது? மண்டையில என்ன களிமண்ணா?” என்று அவள் கத்தாத நாளில்லை. அப்போதெல்லாம் ஏறாதது இப்போது மட்டும் எப்படி ஏறியது?

விருந்தாளி கிளம்பியதும் பிடித்துக்கொண்டாள். “யாருங்க சொல்லிக்கொடுத்தா?”

“அதுவா வருது” என்று நழுவினார்.

எவளோ ஒருத்தி பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். டீச்சருக்கு வயிறு எரிந்தது. சாயங்காலம் அவள் ஆன்லைன் வகுப்பு எடுக்க உட்கார்ந்தால் போதும், அவர் செல்போனோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வகுப்பில் மனசு ஒட்டவில்லை. ‘வெள்ளைப் பூனை’ என்ற பெயரில், கேமராவை மூடிவைத்துப் பதிலை டைப் செய்யும் மாணவர் ஒருவர்தான் ஆறுதல். தப்பாக எழுதினாலும் விடாமல் எழுதுவார். இன்று ‘ஐ அவாய்ட் டு டாக்’ என்று எழுதியிருந்தார்.

“பரவாயில்லைங்க, எல்லாருக்கும் வர்ற தப்புதான். அவாய்ட்னா டாக்கிங். போகப் போக வந்துடும்” என்றாள் டீச்சர். குரலில் தேன் ஒழுகியது.

பூனை தெரியாமல் மைக்கைத் திறந்துவிட, நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு நாயும் அந்த நேரம் பார்த்துக் குரைத்தது.

“பூனை வீட்லயும் நாய்த் தொல்லையா?” என்றாள். வகுப்பே சிரித்தது.

அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தலைக்கு மேலே, மாடியில், செருப்புச் சத்தம். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “எல்லாரும் பயிற்சியை எழுதுங்க, இதோ வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் படியேறினாள்.

தண்ணீர்த் தொட்டி ஓரமாக, காதில் ஹெட்போனோடு, கணவர் போனையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருங்க அவ? என்னைவிட ஒசத்தியா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். இல்லாட்டி நான் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பறேன்!”

போனைப் பிடுங்கினாள். திரையில் அவளுடைய ஹால் தெரிந்தது. நடுவில் அவளுடைய காலி நாற்காலி.

அவர் தலையைச் சொறிந்தார்.

“பூனைன்னா நீ கத்த மாட்டேல்ல.”