மோட்டார் இல்லாத நீரோட்டம்

மனைவி இறந்த பிறகு, அவள் கண்ணாடித் தொட்டியில் உயிரோடு வளர்த்த கடல் பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்துச் செத்தன. தண்ணீரைச் சுழற்றும் மோட்டார்களை எந்த வேகத்தில் வைப்பது என்று கணவருக்குத் தெரியவில்லை. தொட்டி பராமரிப்பவரை வரவழைத்தார்.

வந்தவர் மோட்டார்கள் இரண்டையும் நிறுத்தி, சுத்தம் செய்யக் கழற்றினார். மிச்சமிருந்த பவளங்கள் அசைந்துகொண்டே இருந்தன.

"கொஞ்ச நேரத்துல அடங்கிடும் சார்."

ஒரு மணி நேரமாகியும் அடங்கவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தவரின் முகம் மாறியது.

"யாரோ கையால அளையற மாதிரி இருக்கு சார். ஆனா பவளத்துக்கு இந்த ஓட்டம் பத்தாது. மோட்டாரை மாட்டிடறேன்."

"வேண்டாம்ப்பா. இப்படியே இருக்கட்டும்."

"எல்லாம் செத்துடும் சார்."

"தெரியும்."

தினமும் கணவர் வேலை முடிந்து வந்ததும் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நீர் அவர் விரல்களைச் சுற்றிக்கொண்டு போனது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மெதுவாக. பதினோராம் நாள் கடைசிப் பவளமும் எலும்பாக வெளுத்தது. அன்று மாலை தண்ணீர் அசையாமல் கிடந்தது.

ஒரு மோட்டாரை எடுத்து மாட்டினார். இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் வைத்துவிட்டு மறுபடியும் கையை உள்ளே விட்டார்.

அது வெறும் தண்ணீராக இருந்தது.