கூடுதல் இழுவை

"எஞ்சினுக்கு மூணு குதிரைப் பவர்தான் கூடும்க்கா. பரவாயில்லையா?" என்று கேட்டான் ஜஸ்டின்.

"போதும்ப்பா. அந்த வளைவுல நிக்காம ஏறினாச் சரி," என்றாள் உமாதேவி.

சின்னமனூரில் ஜஸ்டின் வைத்திருந்த ஒர்க்‌ஷாப்பில், பானட் திறந்தபடி நின்றது சுருளியாண்டியின் பழைய பெட்ரோல் ஜீப். உமாதேவியும் அவள் தெருக்காரர்களும் தினமும் அதில்தான் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறார்கள். பாதி மலை ஏறியதும் ஒரு வளைவில் ஜீப் முக்கி முனகி நின்றுவிடும். வண்டி இழுக்கவில்லை என்பார் சுருளியாண்டி. எல்லோரும் இறங்குவார்கள். ஆண்கள் முன்னால் நடப்பார்கள்; பெண்கள் மெதுவாக வந்து சேர்ந்ததும் ஜீப் மறுபடி கிளம்பி, வழியில் ஆண்களை ஏற்றிக்கொள்ளும். இதனால் தினமும் தாமதம். வேறு ஜீப் பிடிக்கப் போவதாகக் கங்காணி சொல்லிவிட்டார்.

பெண்களுக்கு மனசு கேட்கவில்லை. தோட்டத்தில் உமாதேவி காய்ச்சலில் விழுந்த அன்று, கொட்டுகிற மழையில் அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் சுருளியாண்டி. அதனால் எல்லோரும் போனஸில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஜீப்புக்கு வலுவேற்ற வந்திருந்தார்கள்.

ஜஸ்டின் விளக்கினான். உள்ளே வருகிற பெட்ரோல் கலந்த காற்றை இந்த எஞ்சின் ஏழில் ஒரு பங்காக நெருக்குகிறது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கொஞ்சம் சீவிவிட்டால் எட்டில் ஒரு பங்காக நெருக்கும். நெருக்கி வெடிக்கும்போது பிஸ்டனைப் பலமாகத் தள்ளும். எழுபது குதிரை எழுபத்து மூன்றாகும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் எஞ்சின் தட்டும், பிஸ்டனே போய்விடும்.

சுருளியாண்டி நெளிந்தார். "எதுக்குத் தாயி வீண் செலவு? வண்டி நல்லாத்தேன் இருக்கு."

பாவம், வெட்கப்படுகிறார் என்று நினைத்தாள் உமாதேவி.

"எங்களுக்கு எம்புட்டோ செஞ்சிருக்கீகண்ணே. இத நாங்க செய்யிறோம்."

அவரால் மறுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை ஜீப் வேறு வண்டியாகிவிட்டது. வழக்கமாக இரண்டாவது கியரில் ஊர்கிற ஏற்றத்தை மூன்றாவதிலேயே ஏறியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்த வளைவு வந்தது. ஜீப் முனகியது. நின்றுவிட்டது.

ஆண்கள் இறங்கி முன்னால் நடந்தார்கள். பெண்கள் முகம் தொங்கப் பின்பக்கம் போனார்கள். சுருளியாண்டிக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று உமாதேவி மட்டும் டிரைவர் பக்கம் வந்தாள்.

அவர் பள்ளத்தாக்குப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் அணைந்திருந்தது. சாவி அவர் உள்ளங்கையில் இருந்தது.

"நீங்களாண்ணே அணைச்சீக?"

"தெனமும் நாந்தேன் தாயி அணைக்கிறேன்," என்றார் அவர், திரும்பாமலே. "நீங்க செஞ்ச வேலையில வண்டி இப்ப வெரசா ஏறுது. இனிமே இங்கன நிறுத்துனாலும் நேரத்துக்குப் போயிரலாம், கங்காணி ஏச மாட்டாரு. நீங்க நல்லா இருக்கணும்."

அவளுக்குப் புரியவில்லை. "எதுக்குண்ணே நிறுத்தணும்?"

"ரெண்டு மணி நேரப் பாதையில, பொம்பளையாளுக ஒதுங்குறதுக்கு மறைவான எடம் இது ஒண்ணுதேன். ஆம்பளைக இருக்கிற வண்டியில, நிறுத்துங்கன்னு வாய்விட்டுக் கேக்க நீங்க கூச்சப்படுவீகளே, தாயி."