ஆறுதல் மார்க்

நன்னெறி வகுப்புக்கு இப்போது பரீட்சை கிடையாது. யாருக்காவது ஆறுதல் சொன்னால் மணிக்கட்டுப் பட்டை 'கிணிங்' என்று மார்க் போட்டுவிடும். டீச்சர்களுக்கும் அப்படித்தான்.

கடலில் தகப்பனைப் பறிகொடுத்த ரொசிட்டா பள்ளிக்குத் திரும்பிய அன்று, "போய் ஆறுதல் சொல்லுங்க பிள்ளைகளா" என்று காலை ஜெபத்தில் சொன்னவரே நன்னெறி டீச்சர் சிஸ்டர் பிலோமினாதான். வகுப்பு மொத்தமும் வரிசைகட்டி அவளைக் கட்டிக்கொண்டது. பட்டைகள் ஓயாமல் கிணுகிணுத்தன.

மதியம் பள்ளிச் சிற்றாலயத்தில் அவள் தனியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மக்கா, சாப்பிடலையா?" என்று சிஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்கப்பா செத்ததுல எல்லாரும் பாஸாயிட்டாங்க சிஸ்டர். நான் மட்டுந்தான் பெயிலு. நான் யாருக்கும் ஆறுதல் சொல்லலல்லா."

சிஸ்டர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

கிணிங்.

ரொசிட்டா மெல்ல விலகினாள். "உங்களுக்கும் விழுந்துருச்சு சிஸ்டர்."