எழுதிக் கொடு!

பட்டியலில் ஷீபாவின் பெயர் இல்லை.

மொத்தம் பன்னிரண்டு பேர். கோடை விடுமுறையில் பத்து நாள், மூன்று பாய்மரம் வைத்த பயிற்சிக் கப்பலில் அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிபூர் வரை போய்த் திரும்ப வேண்டும். பாய் ஏற்றுவதும் கயிறு இழுப்பதும் பிள்ளைகளேதான். நீச்சல் தேர்வில் முதலாவதாக வந்தவள் ஷீபா. வயது பதினேழு. அவள் இடத்தில் கான்ட்ராக்டர் நந்தகுமாரின் மகன் பெயர் இருந்தது.

போதாதா? ஷீபா குடியிருக்கும் லம்பா லைன் தெரு தீர்ப்பே எழுதிவிட்டது.

ஷீபாவின் அப்பா மிக்கேல் மீன்பிடிக்கிறவர். மீதி நேரத்தில் நியாயம் கேட்கிறவர். டீசல் வராவிட்டால் மிக்கேல், ஐஸ் வராவிட்டால் மிக்கேல், கப்பல் டிக்கெட் கவுன்ட்டர் நேரத்துக்குத் திறக்காவிட்டால் மிக்கேல். எந்த ஆபீசிலும் மேசையைத் தட்டி அவர் கேட்பது ஒன்றுதான்.

"லிக் கே தோ! முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் கொடு!"

எழுதப் பயந்தே பாதிப் பேர் வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை. கோபத்தில் பேச்சு வரவில்லை என்றார்கள் தெருக்காரர்கள். மூன்றாம் நாள் இருபது பேர் சேர்ந்து அவரை முன்னால் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். ஷீபாவும் போனாள், அழுத முகத்தைக் கழுவாமல்.

பயணக் குழுவின் செயலாளர் கிருஷ்ணமூர்த்தி, ஓய்வு பெற்ற கிளார்க். குட்வில் எஸ்டேட்டில் அவர் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க மிக்கேல்."

"வாங்க போங்க எல்லாம் இருக்கட்டும்." பின்னால் இருபது பேர் நின்றால் குரல் தானாக வந்துவிடும். "எம் பொண்ணு பேரு எங்கவே போச்சு?"

"அது... சில காரணத்தால..."

"என்ன காரணம்? மீன்காரன் மக பாய்மரக் கப்பல்ல ஏறக் கூடாதோ? கடலையும் நந்தகுமாரு கான்ட்ராக்ட் எடுத்துட்டாரோ?"

கூட்டம் கைதட்டியது. கிருஷ்ணமூர்த்தி மின்விசிறியைப் பார்த்தார்.

"பாருங்க, வாயே திறக்க மாட்டேங்காரு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஊப்பர் சே போன் வந்திருக்கும்," என்று கூட்டத்தோடு வந்திருந்த பேச்சியம்மா விளக்கம் சொன்னாள். "மேல உள்ளவன் சொன்னா இவரு என்ன செய்வாரு, பாவம்!"

அந்தப் பாவத்துக்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

கிருஷ்ணமூர்த்தி மிக்கேலை மட்டும் பார்த்துச் சொன்னார். "வேண்டாம் மிக்கேல். வீட்டுக்குப் போங்க. நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன்."

கெட்டவன் ஒப்புக்கொண்டால் வந்த வேலை முடிந்தது. மிக்கேலுக்கு முடிந்துவிட்டது. "கேட்டாச்சு. இவரு குணமும் தெரிஞ்சு போச்சு. வாங்க போவோம்," என்று திரும்பினார்.

கூட்டம் திரும்பவில்லை.

"அதெப்படிண்ணே? எழுதி வாங்காமலா? லிக் கே தோ!"

இருபது குரல். இத்தனை வருஷமாக அவரே சொல்லிக் கொடுத்தது.

"வேண்டாம்லே..." என்றார் மிக்கேல். யார் காதிலும் விழவில்லை.

"எழுதிக் கொடுங்க அங்கிள்," என்றாள் ஷீபா. "நான் எதுல தோத்தேன்னு எழுதிக் கொடுங்க. போயிடுறேன்."

இருபது பேரைத் தாங்கிய கிருஷ்ணமூர்த்தி இந்த ஒருத்தியைத் தாங்கவில்லை. ஃபைலைத் திறந்தார்.

"நான் எழுத வேண்டாம்மா. ஏற்கெனவே எழுதி வந்திருக்கு."

ஒரே ஒரு தாள். ஷீபா வாங்கி உரக்கப் படித்தாள்.

"'என் மகள் ஷீபாவைக் கப்பலில் அனுப்ப எனக்குச் சம்மதம் இல்லை. பெயரை எடுத்துவிடவும். நான் சொன்னதாக அவளுக்குத் தெரிய வேண்டாம். இப்படிக்கு...'"

அதற்கு மேல் படிக்கவில்லை. தாளை மடித்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

கூட்டத்துக்குத் திடீரென்று வெளியே நிறைய வேலை வந்துவிட்டது.

"பொம்பளப் பிள்ள..." என்று மிக்கேல் ஆரம்பித்தார். "பத்து நாளு... கடலு எப்படின்னு எனக்குத்தானே தெரியும்..."

"தெரியும்லா?"

வாசலில் அவர் மனைவி. மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு நேராக வந்திருந்தாள்.

"உம்ம டிங்கிப் படகுக்கு எம் பொண்ணு பேரைத்தானே செவப்பு பெயின்ட்டுல எழுதி வச்சிருக்கீரு? அந்த ஷீபா தெனம் கடலுக்குப் போவுது. காத்துல போவுது, மழையில போவுது. இந்த ஷீபா போவக் கூடாதோ?"

மிக்கேல் பதில் சொல்லவில்லை. எழுதியும் கொடுக்கவில்லை.

அவள் மேசைக்கு வந்தாள். "அண்ணாச்சி, சம்மதக் கையெழுத்து அப்பன்தான் போடணுமா?"

"அப்பா, அம்மா யாரு போட்டாலும் சரி. அஞ்சு மணிக்குத்தான் பட்டியல் கப்பலுக்குப் போகுது."

"அப்ப நந்தகுமாரு மவன்?"

"வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் ஆளு. அதான் வந்தான். கப்பல் துறையில நிக்கும்போதே வாந்தி எடுக்கிற பையன். பேரை எடுத்தா எனக்கு ஸ்வீட் குடுப்பான்."

"பேனா குடுங்க."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அப்படியும் சம்மதப் படிவத்தில் இரண்டு மீன் செதில் ஒட்டியது. மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து. ஒவ்வொன்றாக, கோட்டைத் தாண்டாமல், தன் பெயரை எழுதினாள்:

ஆரோக்கியசெல்வி.