வகுப்பே போட்ட விதி

நான் எழுதிய பாடத்தை அவர்கள் அடித்துவிட்டார்கள். மரியாதையாக, ஸ்கேல் வைத்து.

தப்பு என்னுடையதுதான். இது உங்கள் வகுப்பு, பாடத்தை நீங்களே போடுங்கள் என்று காலையில் பெருந்தன்மையாக வாயை விட்டிருந்தேன்.

ஆறு பேர். இந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை நோயாளியின் வீட்டாருக்குத் தாய்மொழியில் எடுத்துச் சொல்லப் போகிறவர்கள்.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பது பாடம். டாக்டர் சொன்னதை, சொன்ன கையோடு, சொன்னபடி சொல்லிவிட வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

ஆறு பேரில் ஒருவரான தையல்கடை அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. நம் ஆட்களிடம் எடுத்த எடுப்பில் போட்டு உடைக்கக்கூடாது என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். சாப்பிட்டாச்சா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் சாப்பிட வைத்த பிறகுதான் பேச்சு. வெறும் வயிற்றில் இருப்பவரிடம் சொல்லவே கூடாது.

பசியோடு கேட்டால் சொன்னவன் மேல்தான் பாய்வார்கள் என்று பழைய லாரி டிரைவரும் ஒத்து ஊதினார்.

அப்படியென்றால் மொழிபெயர்ப்பாளர் டிபன் கேரியரோடுதான் வேலைக்கு வரவேண்டும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அதைப் பலகையில் விதியாக எழுதினார்கள்.

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முகம் மரத்துப்போயிருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டு மாடி மேலே ஆபரேஷன் தியேட்டரில் என் அண்ணன் படுத்திருந்தான். இதயம். நீ வெளியே உட்கார்ந்து முழித்தால் உள்ளே டாக்டருக்குக் கை நடுங்கும், போய் உன் வகுப்பை எடு என்று அவன்தான் விரட்டிவிட்டான். வகுப்புக்கும் இது தெரியும்.

மத்தியானம் கேன்டீனுக்குப் போனேன். தட்டு நிறையச் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. வெட்கம் கெட்ட வயிறு, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியது.

திரும்பி வந்தபோது வகுப்பு வாசலில் ஆபரேஷன் தியேட்டரின் பச்சை உடுப்போடு டாக்டர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். தையல்கடை அக்கா அவரைக் கையமர்த்தினார்.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தார். இன்னொன்றை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். லாரி டிரைவர் தண்ணீரை நீட்டினார்.

"சாப்டீங்களா சார்?"

புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னும் இல்லக்கா."