கால் கிண்ணம்

"பாருங்கய்யா, கிண்ணம்னா இது கிண்ணம்!" என்று தேயிலைக் கம்பெனி முதலாளி துலேகென் புது டப்பாவை மேசைமேல் ணங்கென்று வைத்தார்.

டப்பா மேல் படத்தில் ஒரு நீலக் கிண்ணம், தளும்பத் தளும்ப டீ. கீழே தங்க எழுத்தில், 'உங்களுக்காகவே, விளிம்பு வரைக்கும்.'

வரைந்தது மாஸ்கோவில் இருக்கும் ஒரு விளம்பரக் கம்பெனி. அதன் சார்பில் கிரில் என்பவன் சுவரிலிருந்த பெரிய திரையில் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் காகிதக் குவளை, அதில் காபி. தேயிலைக்கு டப்பா வரைகிறவன் காபி குடிப்பது துலேகென்னுக்கு ஒரு குறையாகவே படவில்லை.

பக்கத்தில் பழைய டப்பா பாவமாக நின்றது. ஆபீசிலேயே உட்கார்ந்து வரைகிற ஜான்சயாவின் கைவேலை அது. அதிலிருந்த கிண்ணத்தில் கால் பங்குதான் டீ. ஒரு கை அதை நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

வரைகிற வேலையை இனி வெளியே கொடுப்பதா, ஜான்சயாவையே வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யத்தான் ஷிம்கென்ட் நகரத்து ஆபீசில் இன்று கூட்டம். துலேகென் போன வாரமே முடிவு செய்துவிட்டார். கூட்டம் சும்மா ஒரு மரியாதைக்கு.

டீ ஊற்றுவதும் ஜான்சயாதான். இருப்பதிலேயே இளைய பெண் அவள். அவள் இருக்கும்போது டீக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கம் வேறு யார் உட்காருவார்கள்? தன் வேலை போகிற கூட்டத்துக்குத் தானே டீ ஊற்றிக் கொடுக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

பால் விட்டு, ஆளுக்கு இரண்டு மிடறு ஊற்றினாள். கிண்ணம் காலியாகித் திரும்பி வந்தது. மறுபடியும் இரண்டு மிடறு.

"காலம் பூரா இதே கால் கிண்ணம்! வாங்குறவன் என்ன நெனப்பான்? கஞ்சப் பயலுகன்னு காறித் துப்ப மாட்டான்?" என்று துலேகென் அந்த இரண்டு மிடற்றையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார்.

திரையில் கிரில் பலமாகத் தலையாட்டினான்.

கணக்குப் பார்க்கும் ரைம்குல் புது டப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள், அதில் எண்ணெயில் பொரித்த ஒரு பவுர்சாக் உருண்டையைப் போட்டு அடைத்துக்கொண்டாள். விற்பனை பார்க்கும் போலாத், மழை ஒழுகுகிறதா என்பதுபோலக் கூரையைப் பார்த்தார். முதலாளியிடம் மறுபேச்சுப் பேசி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

"அண்ணே, ஒரு வார்த்தை. கிண்ணம் ரொம்ப நெறஞ்சிருக்கு. நம்ம ஊர்ல இப்படிக் குடுத்தா..." என்று ஜான்சயா மட்டும் ஆரம்பித்தாள்.

"ஆரம்பிச்சிட்டியா, நம்ம ஊரு, நம்ம ஊருன்னு! பொறாமை, தங்கச்சி, வேறென்ன? அச்சாகி வந்த மொத டப்பாவ எங்க அனுப்பியிருக்கேன் தெரியுமா? காலையில டிரைவர்கிட்ட குடுத்து, தராஸ்ல இருக்கிற சம்பந்தி வீட்டுக்கு! ஞாயித்துக்கிழமை எம் பொண்ணு கல்யாணம் பேச வர்றாங்க இல்ல?"

ரைம்குல்லுக்குப் புரையேறியது.

"சம்பந்திக்கே அனுப்புறேன்னா எனக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கணும், பாத்துக்கங்க" என்று துலேகென் போனை எடுத்துச் சம்பந்தியைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அன்றைக்கு அது மூன்றாவது தடவை. "குதிரைச் சந்தைக்குப் போயிருப்பாரு மனுஷன்."

பிறகு தொண்டையைச் செருமினார். "சரி, வேலைய மாஸ்கோவுக்கே குடுத்துடலாம். ஜான்சயா, நீ இந்த மாசத்தோட நின்னுக்கம்மா. மனசுல வச்சுக்காத. டீ ஊத்து."

ஜான்சயாவின் கண் கலங்கியது. தலையைக் குனிந்துகொண்டு ஊற்றினாள். இரண்டு மிடற்றோடு நிறுத்தவில்லை. பாதிக்கு மேல் போயிற்று, இன்னும் ஊற்றினாள். விளிம்பில் டீ நடுங்கி நின்றதும் கைத்துணி பிடித்து இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் முதலாளி முன்னால் வைத்தாள்.



துலேகென் வழக்கம்போல் எடுக்கப் போனார். பிடியில்லாத கிண்ணம், விளிம்பு வரை கொதிக்கிற டீ. விரலைச் சுட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். மாமியார் வீட்டில் இத்தனை வருஷமும் மரியாதையாக இரண்டு இரண்டு மிடறாக வாங்கிக் குடித்தவர்தானே! படத்தில் பார்த்தபோது உறைக்காதது, கை சுட்டபோது உறைத்தது.

"என்ன திமிரு உனக்கு! என் ஆபீசுல நின்னுக்கிட்டு, குடிச்சிட்டு எடத்தைக் காலி பண்ணுன்னு என்னையே சொல்றியா?"

"நான் எங்கண்ணே சொன்னேன்? டப்பாவுல இருக்கிற மாதிரி ஊத்துனேன்."

கிரில் திரையில் கை தட்டினான். அந்தக் கிண்ணத்தை அப்படியே படம் எடுத்து அனுப்பச் சொன்னான்.

துலேகென்னின் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். சம்பந்தி இல்லை, டிரைவர்.

"அண்ணே, டப்பாவ அவர் கையிலயே குடுத்துட்டேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒண்ணும் பேசல. எனக்கு மட்டும் ஒரு கிண்ணம் டீ குடுக்கச் சொல்லிட்டு உள்ள போயிட்டாரு."



"எவ்வளவுடா ஊத்துனாங்க?"



"குடிச்சிட்டுக் கிளம்பிட்டேண்ணே. வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."