நெளிசல் டம்ளர்

சவரிமுத்து வீட்டில் ஜோடி டம்ளர்கள் இருந்தன. அதில் நெளிசல் விழுந்த ஒன்றில் அவர் மனைவி வியாகுலம் டீ குடிப்பாள். அவள் இறந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. பாலாடை விளிம்பில் ஒட்டிய காலத்தை நினைத்துக்கொண்டு அலமாரியில் கிடந்தது.

ஒருநாள் சவரிமுத்து டீயை விட்டுவிட்டார். அதற்குப் பதில் கஷாயம் போட, வியாகுலம் நட்டு வைத்த பட்டர்புரூட் மரத்திலிருந்து நாலு இலை பறித்து வந்தார். நெளிசலைக் கையில் எடுத்தார். அதற்குத் தலைகால் புரியவில்லை.

"ரொம்பத் துள்ளாதே தம்பி," என்றது அடுப்பிலிருந்த சட்டி. "ரெண்டு டம்ளர் தண்ணி ஒண்ணாச் சுண்டணும். நீ அளக்கத்தான். குடிக்க உன் ஜோடி இருக்கான்."

அப்படியே ஆயிற்று. நெளிசல் இரண்டு தரம் தண்ணீர் மொண்டு ஊற்றிவிட்டு, ஈரத்தோடு ஓரமாக உட்கார்ந்தது.

இலை போட்ட தண்ணீர் லேசாக நிறம் மாறியதுமே சவரிமுத்து டீ போட்ட பழக்கதோஷத்தில் சட்டியை இறக்கினார். இரண்டு டம்ளரிலும் ஊற்றி, நெளிசலை வியாகுலம் உட்காரும் எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்தார். வைத்த பிறகுதான் திகைத்தார். ஆனால் எடுக்கவில்லை.

"அட கிறுக்கு மனுஷா, நாங்க இன்னும் சாறே இறக்கலையே!" என்று சட்டிக்குள்ளிருந்து இலைகள் கத்தின.

"வாயை மூடுங்க," என்றது நெளிசல். "எனக்கு உடம்பு சுட்டு எத்தனை நாளாச்சு!"